குழாய்ல தண்ணி வேணும், ஆத்துல இறாவும் வேணும்: யாரு விட்டுக்கொடுக்கணும்?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
மக்களே, ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, இங்க கொட்டிடறேன், நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

போன சனிக்கிழமை தாம்பரத்துல இருந்து மச்சான் வந்திருந்தான், காலைல எட்டு மணி வாக்குல பைக்ல வெச்சு எண்ணூர் ஆத்துப் பாலத்தாண்ட கூட்டிட்டுப் போனேன். வத்தம் நேரம், தண்ணி இறங்கிக் கெடக்கு. ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், தண்ணிக்குள்ள முட்டி போட்டு நகர்றாங்க, கழுத்துக்கு மேல மட்டும்தான் வெளிய தெரியுது. பறியோட கயிறைப் பல்லுல கடிச்சிட்டு ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிட்டே போறாங்க. வலை கெடையாது, போட் கெடையாது. திடீர்னு கை நிக்கும், ஒரு சின்ன அசைவு, இறா பறிக்குள்ள போயிடும். அவங்க முகத்துல ஒண்ணுமே மாறாது. நாங்க பாத்துட்டு இருந்த கால் மணி நேரத்துல ஏழோ எட்டோ புடிச்சாங்க. கரையேறினப்போ பாத்தா முட்டிக்குக் கீழ பூரா கீறல், காக்கா ஆழிங்கற சிப்பி ஓடு கிழிச்சதாம். "இப்பல்லாம் கையை வெக்கவே பயமா இருக்கு தம்பி, மண்ணு இருந்த எடத்துல எல்லாம் ஓடு"ன்னாங்க. இருளர் வீட்டு அம்மா.

வண்டில திரும்பி வரும்போது மச்சான் கேட்டான், "ஒரு கோடி பேருக்குத் தண்ணி வேணும், இந்த மாதிரி நூறு இருநூறு பேருக்காக எல்லாத்தையும் நிறுத்த முடியுமாடா?" எனக்குப் பதில் வரல. ஏன்னா எங்க வீட்டுக் குழாய்ல வர்றதே காட்டுப்பள்ளில சுத்தம் பண்ற கடல் தண்ணிதான். குடிச்சிட்டே எதிர்க்கவும் முடியல, அந்த அம்மாவைப் பாத்துட்டு சும்மா இருக்கவும் முடியல. நீங்க என்ன சொல்றீங்க?

தண்டையார்பேட்டை_தாத்தா
தம்பி, உன் மச்சான் கேட்டதுல தப்பு இல்ல. 2019 உனக்கு ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு வெடிச்சுப் போச்சு. ஜூலை 12ந்தேதி ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் ஏத்திட்டு ரயில் வில்லிவாக்கம் வந்து நின்னுது, மாலை போட்டு வரவேற்காத குறை. எங்க தெருவுல லாரி எப்ப வரும்னு தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், எடம் புடிக்க குடத்துக்குப் பதிலா செங்கல்லை வரிசையா வெச்சுட்டுத் தூங்குவோம். ஒரு நாள் என் செங்கல்லை எவனோ நகத்திட்டான்னு நானும் எதிர்வீட்டுக்காரரும் பேச்சு வார்த்தையே இல்லாம ஆறு மாசம். கிருஷ்ணா தண்ணி ஒப்பந்தம் 1983ல போட்டது, வருஷத்துக்கு 12 டிஎம்சி இந்தா அந்தான்னாங்க, முழுசா எத்தனை வருஷம் வந்துதுன்னு விரல் விட்டு எண்ணிடலாம். அடுத்த மாநிலத்தை நம்பி எத்தனை நாள் இருக்கறது? கடல் பக்கத்துலயே இருக்கு, எடுத்துக் குடிக்கறோம். மீன் பாவம்தான், மனுஷன் அதைவிடப் பாவம்.

ராயபுரம்_ராக்கெட்
தாத்தா செங்கல் மேட்டரு சூப்பரு 😂 எங்க ஏரியால ஓட்டை செருப்பு வெப்போம், செருப்புக்குக் கீற மரியாதை மன்சனுக்கு இல்ல.

ஆனா ஒண்ணு நைனா, தண்ணி பிளாண்ட்டு, கரண்ட் பிளாண்ட்டு, குப்பைமேடு, எண்ணெ கம்பெனி எல்லாம் இன்னாத்துக்கு நம்ம வடசென்னை சைடுலயே வர்து? தெக்கால கொட்டிவாக்கத்துல ஒரு சாம்பல் குளம் கட்றது தானே. அத்த கேட்டா பேஜாராயிடும்.

ஆர்ஓ_மெம்ப்ரேன்
நான் இந்தத் தொழில்ல 14 வருஷமா இருக்கேன், எந்த பிளாண்ட்னு கேக்காதீங்க. கணக்கு மட்டும் சொல்றேன்.

காட்டுப்பள்ளி பிளாண்ட் 2010 ஜூலைல ஓட ஆரம்பிச்சது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிதண்ணி. அதுக்கு உள்ள இழுக்கறது சுமார் 23.7 கோடி லிட்டர் கடல் தண்ணி. மிச்சம் 13 கோடி சொச்சம் லிட்டர், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்போட திரும்ப கடலுக்கே போகுது. கடல் அகலமா, நீரோட்டம் வேகமா இருக்கற எடத்துல விட்டா கலந்துடும், கலக்காம தரையோட படிஞ்சா அங்க கீழ இருக்கற மட்டி, புழு, முட்டை எல்லாத்துக்கும் கெட்ட நேரம். உப்புத் தண்ணி கனம், கீழதான் போகும், மேல நின்னு பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் கரண்ட். ஆயிரம் லிட்டருக்கு மூணுல இருந்து நாலு யூனிட் ஆகும். 10 கோடி லிட்டருக்குப் போட்டுப் பாருங்க, தினம் மூணுல இருந்து நாலு லட்சம் யூனிட். அந்த கரண்ட் எங்க இருந்து வருதுன்னு நான் சொல்ல வேணாம், உங்க வீட்டு மொட்டை மாடில துணி காயப் போட்டா தெரியும்.

ஆனா ஆமை சாவுக்கு எங்க தொழிலைத் திட்டாதீங்க. 2025 ஜனவரில சென்னைக் கடற்கரைல ஆயிரத்துக்கு மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சே, அது இழுவலைல மாட்டி மூச்சு முட்டி செத்தது. கரையில இருந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இருக்கு அவ்ளோதான்.

மீஞ்சூர்_பொண்ணு
கடல் தண்ணி பிளாண்ட் வர்றதுக்கு முன்னாடி சென்னை எங்க ஊர்த் தண்ணியத்தான் குடிச்சிட்டு இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு கொசஸ்தலை, ஆரணி ஆத்துப் படுகை பூரா அரசாங்கமே போர் போட்டு வருஷக்கணக்கா உறிஞ்சுச்சு. உறிஞ்ச உறிஞ்ச அடியில கடல் உள்ள வந்துடுச்சு, கிலோமீட்டர் கணக்குல. எங்க தாத்தா காலத்துல மூணு போகம் வெச்ச நெலம், எங்க அப்பா காலத்துல மோட்டார் போட்டா மோர் மாதிரி உப்புத் தண்ணி. மாடு மோந்து பாத்துட்டு தலையத் திருப்பிக்கும். இப்ப நாங்களே கேன் தண்ணி வாங்கறோம், ஒரு காலத்துல ஊருக்கே தண்ணி குடுத்த ஊரு.

அதனால தாத்தா, "மனுஷன் அதைவிடப் பாவம்"னீங்களே, எந்த மனுஷன்னும் சேத்து சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தரோட தண்ணிதான் நகரத்துக்குப் போகுது.

தண்டையார்பேட்டை_தாத்தா
அம்மாடி, அது எனக்குத் தெரியாது. மன்னிச்சிடு. ஆனா அப்ப கடல்ல இருந்து எடுக்கறது நல்லதுதானே, உங்க போர்ல கை வெக்கல இல்ல?

மீஞ்சூர்_பொண்ணு
அதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஒத்துக்கறேன்.

கொசஸ்தலை_குருவி
தாத்தாவும் மீஞ்சூரும் சமாதானம் ஆயிட்டாங்க, நான் வந்து கெடுக்கறேன்.

ஆர்ஓ அண்ணன் சொன்னதை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. தண்ணிக்குக் கரண்ட், கரண்டுக்கு நிலக்கரி, நிலக்கரிக்கு சாம்பல், சாம்பல் குழாய் ஒடைஞ்சு ஆத்துல. (எல்லா யூனிட்டும் எண்ணூர்ல இருந்துதான் வருதுன்னு சொல்லல, கிரிட்ல எல்லாம் கலந்துதான் வரும், இருந்தாலும்.) ஆத்துல படிஞ்ச சாம்பலை எடுக்கணும்னு 2022ல பசுமைத் தீர்ப்பாயமே சொல்லிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து ஆறு பூரா படலம். எக்ஸ்பிரஸ் சொன்ன அந்த காக்கா ஆழி தென் அமெரிக்கா சிப்பி, மண்ணைப் பாய் மாதிரி மூடிடும், மஞ்ச மட்டி இருந்த எடம் போச்சு, இறா புதைஞ்சு ஒக்கார சேறு போச்சு.

இதுல எனக்கு ரொம்ப வயிறு எரியற விஷயம் வேற. 1996ல மத்திய அரசு ஒத்துக்கிட்ட கடலோர மேலாண்மை வரைபடத்துல எண்ணூர் கழிமுகம் முழுசா இருக்கு, கட்டடம் கட்டக்கூடாத எடம்னு. அதுக்கப்புறம் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்துல ஆத்தையே காணோம். கண்ணு முன்னாடி ஓடற ஆறு, பேப்பர்ல இல்ல. ஆறே இல்லைன்னா அதுல இறா புடிக்கற அந்த அம்மா எங்க இருப்பாங்க?

ராயபுரம்_ராக்கெட்
கெணத்தக் காணோம்னு கம்ப்ளெயிண்ட் குட்த்தா மாரி ஆத்தக் காணோம்னு குட்க்கணும் போல கீது

பட்டாளம்_டு_போர்ட்லாண்ட்
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்கு எழுதறேன். பொறந்து வளந்தது பட்டாளம், இப்ப ஆரிகன்ல இருக்கேன். இதே சண்டை இங்க இருபது முப்பது வருஷமா நடக்குது, எங்க வீட்ல இருந்து அஞ்சு மணி நேர டிரைவ், கிளாமத்னு ஒரு ஆறு.

மேல ஏரில ரெண்டு வகை மீன், அழியற நிலைல இருக்குன்னு சட்டப் பாதுகாப்பு. கீழ சால்மன். ஏரித் தண்ணிய நம்பி ஆயிரத்துக்கு மேல விவசாயக் குடும்பம். 2001ல பஞ்சம், மீனுக்குத் தண்ணி விடணும்னு பெரும்பாலான வாய்க்காலை மூடிட்டாங்க. விவசாயிங்க ஊரே திரண்டு வந்து ஏரில மொண்டு பக்கெட் பக்கெட்டா கை மாத்தி வாய்க்கால்ல ஊத்திப் போராட்டம். தாத்தாவோட செங்கல் கதை படிச்சப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. அடுத்த வருஷம் அரசாங்கம் பயந்து விவசாயத்துக்குத் திறந்து விட்டுச்சு, ஆத்துல தண்ணி கம்மி, சூடு அதிகம், 2002 செப்டம்பர்ல கீழ யூரோக் பழங்குடி மக்கள் இருக்கற பக்கம் குறைஞ்சது 34 ஆயிரம் மீன் செத்து மிதந்துச்சு. அவங்களுக்கு சால்மன்னா சாமி, சோறு, கல்யாண விருந்து எல்லாமே. ஒரு வருஷம் இவங்க வயிறு, அடுத்த வருஷம் அவங்க வயிறு.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல போராடி, 2023ல ஆரம்பிச்சு 2024க்குள்ள அந்த ஆத்துல நாலு அணைய இடிச்சே எடுத்துட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல போகாத எடத்துக்கு 2024 அக்டோபர்லயே சால்மன் ஏறிப் போச்சு. (அந்த நாலும் கரண்ட் அணை, பாசன அணை இல்ல, அதனால விவசாயி சண்டை இன்னும் முடியலன்னும் சொல்லணும்.)

தண்டையார்பேட்டை_தாத்தா
அணைய இடிச்சாங்களா! நம்ம ஊர்ல ஒரு ஸ்பீட் பிரேக்கரை எடுக்க முடியல.

கொசஸ்தலை_குருவி
பாத்தீங்களா, மீனும் பழங்குடியும் ஒரே பக்கம். மீனைக் காப்பாத்துனா மக்களைக் காப்பாத்துன மாதிரி. நான் இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

பட்டாளம்_டு_போர்ட்லாண்ட்
குருவி, அவசரப்படாதீங்க, எல்லா எடத்துலயும் அப்படி இல்ல. கொலராடோவுல அனிமாஸ்-லா பிளாட்டான்னு ஒரு திட்டம். அங்க அணை வேணும்னு கேட்டவங்களே யூட் பழங்குடி மக்கள்தான், அவங்க தண்ணி உரிமைக்கு ஈடா 1986ல ஒப்பந்தம் பண்ணி 1988ல சட்டமே போட்டாங்க. நடுவுல அழியற மீன் ஒண்ணு குறுக்க வந்துச்சு, 1990கள் பூரா இழுபறி. கடைசில 2000ல திட்டத்தையே சுருக்கி, பாசனத்தைத் தூக்கிட்டு, வருஷத்துக்கு இவ்ளோதான் எடுக்கலாம்னு 57,100 ஏக்கர்-அடில கட்டிப் போட்டாங்க. நம்ம கணக்குல ரெண்டரை டிஎம்சி, புழல் ஏரி நெறைஞ்சா 3.3. அந்தத் திட்டத்து ஏரி 2011ல நெறைஞ்சுது. அதுக்கப்புறமும் பல வருஷம் அந்த மக்களுக்குத் தண்ணி எடுத்துட்டுப் போக பைப்லைனே இல்ல. கண்ணுக்கு முன்னாடி அவங்க பேர்ல தண்ணி, கைக்கு எட்டல.

இன்னொண்ணு, டென்னிஸில டெல்லிகோ அணை. விரல் நீள மீனுக்காக 1978ல உச்ச நீதிமன்றமே அணைய நிறுத்துச்சு. அடுத்த வருஷமே காங்கிரஸ், அதாவது அந்த ஊர் பார்லிமெண்ட், விதிவிலக்கு குடுத்து கதவை மூடிட்டாங்க. செரோக்கி மக்களோட பழைய ஊருங்க, இடுகாடு எல்லாம் முங்குச்சு. மீன் வேற ஆத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சு, 2022ல "இனி இதுக்கு ஆபத்தில்ல"ன்னு பட்டியல்லேர்ந்தே எடுத்துட்டாங்க. மீன் பொழச்சிடுச்சு, ஊரு முங்குனது முங்குனதுதான்.

பழவேற்காடு_பையன்
போர்ட்லாண்ட் அண்ணே, அந்த யூட் கதைதான் எங்க கதை. குருவி மாதிரி ஆளுங்க இதைக் கேக்கணும்.

எங்க முகத்துவாரம் மண்ணு மூடி அடைச்சிக்கும். வெயில் காலத்துல போட் தட்டும், கடல் தண்ணி உள்ள வராது, ஏரி ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் உப்பு ஏறும், மீன் குஞ்சு உள்ள வராது. கைக்காசு போட்டு நாங்களே தோண்டுவோம், ஒரு புயல் வந்தா திரும்ப மூடிக்கும். ரெண்டு பக்கமும் கல்லு கொட்டி நிரந்தரமா திறந்து வைங்கன்னு எத்தனை வருஷம் கேட்டோம். 1980லயே இதைப் பறவை சரணாலயம்னு அறிவிச்சிட்டாங்களா, அதனால வனவிலங்கு வாரியம் வரைக்கும் பைல் போகணும்னாங்க. பூநாரைக்குத் தொந்தரவாம். எங்க தாத்தா காலத்துல இருந்து பூநாரையும் இருக்கு நாங்களும் இருக்கோம், அது சேத்தைக் கிளறும் நாங்க வலைய போடுவோம், ஒரு நாள் சண்டை வந்தது இல்ல. ஞாயித்துக்கிழமை கேமராவோட வர்ற சார்ங்க போட்டுக்கு ஐநூறு ரூபா பேரம் பேசிட்டு, "இங்க வலை போடறது தப்பு"ன்னு எங்களுக்கே கிளாஸ் எடுக்கறாங்க.

கொசஸ்தலை_குருவி
கேமரா சார் நான் இல்லப்பா 😅 ஆனா ஒரு பேச்சுக்கு, முகத்துவாரம் எப்பவும் திறந்தே இருந்தா ஏரித் தண்ணி மட்டம் மாறும், பூநாரை முழங்கால் அளவுத் தண்ணிலதான் மேயும். கல்லு கொட்டுனா அதுக்கு வடக்கால கரை அரிக்கும், அது நம்ம கடற்கரை பூரா பாத்ததுதான், ராயபுரம் திருவொற்றியூர்ல கல்லு கொட்டி கொட்டி எங்க போய் நின்னுதுன்னு தெரியும். கேக்கறது தப்பில்ல, கேள்வி கேக்காம குடுத்தாதான் தப்பு.

பழவேற்காடு_பையன்
கேள்வி கேளுங்க. பத்து வருஷம் கேக்காதீங்க. அதுக்குள்ள பசங்க எல்லாம் கம்பெனில கான்ட்ராக்ட்டுக்குப் போயிட்டானுங்க.

நண்டு_வளை
வணக்கம். நான் இருளர். அத்திப்பட்டு பக்கம். எங்க குடும்பத்துல காலேஜ் போன முதல் ஆளு. எல்லாரும் எங்களைப் பத்தி பேசறீங்க, சந்தோஷம், நானும் ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்.

பழவேற்காடு அண்ணன் சொன்ன முகத்துவாரம் எங்களுக்கும் வேணும். இறா முட்டை போடறது கடல்ல, குஞ்சு உள்ள வந்து சேத்துலதான் வளரும். வழி மூடுனா எங்க கைக்கு ஒண்ணும் சிக்காது. ஆனா அண்ணே, ஏரில உங்க ஊருக்குப் பாடு இருக்கு, இன்னிக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர்னு முறை போட்டு வலை விடறீங்க. எங்களுக்கு அந்தப் பாடு இல்ல. நாங்க கரை ஓரம், மீதி எடம், கை தடவி. சில நாள் அதுக்கும் "இங்க எறங்காத"ன்னு வெரட்டி இருக்காங்க. கோவிச்சிக்காதீங்க, நடந்ததைச் சொல்றேன்.

அப்புறம் மிருகத்தைக் காப்பாத்தற சட்டம், அதுவும் எங்களுக்குப் புதுசு இல்ல. எங்க முன்னோருங்க பாம்பு, காடு, மூலிகைன்னு இருந்தவங்க. 1972ல வனவிலங்கு சட்டம் வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல பாம்புத் தோல் வியாபாரம் மொத்தமா நின்னுது. நல்ல சட்டம்தான், தோலுக்காக லட்சக்கணக்குல பாம்பு செத்துட்டு இருந்துச்சு. ஆனா தோல் ஏத்துமதி பண்ணி பணம் பாத்தவன் வேற பிசினஸ் மாத்திட்டான், புடிச்சுக் குடுத்த நாங்க ஒரே ராத்திரில குத்தவாளி. அப்படி வந்தவங்கதான் நெறைய பேரு கல்லு சூளை, இறா தடவறதுன்னு ஆனது.

அதே விஷயத்துல நல்லதும் நடந்துச்சு. 1978ல வடநெம்மேலில பாம்பு புடிக்கறவங்க கூட்டுறவு சங்கம் வெச்சாங்க. லைசென்ஸ் குடுத்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் புடிச்சிட்டு வந்து, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடணும். பாம்பும் சாகாது, எங்க கைத்தொழிலும் சாகாது, ஊருக்கு விஷ முறிவு மருந்தும் கெடைக்கும். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023ல பத்மஸ்ரீ வாங்குனாங்க. அதுக்கு முன்னாடி 2017ல புளோரிடாவுல மலைப்பாம்பு புடிக்க வேற கூப்பிட்டிருந்தாங்க அவங்களை.

ராயபுரம்_ராக்கெட்
இன்னாது, அமெரிக்காகாரன் பாம்பு புடிக்க நம்ம ஆளக் கூப்ட்டானா 🔥🔥 செம தம்பி, நீ எழுது.

ஆர்ஓ_மெம்ப்ரேன்
நண்டு_வளை தம்பி, நேரடியா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பழங்குடி மக்களுக்கு வன உரிமைச் சட்டம் 2006 இருக்கே, அதுல போய் உரிமை கேக்கலாம்ல?

நண்டு_வளை
கேக்கலாம் சார், படிச்சும் பாத்தேன். அந்தச் சட்டத்துல நீர்நிலைல மீன் புடிக்கற சமூக உரிமைன்னே வார்த்தை இருக்கு. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். ஆனா அது காட்டு நிலத்துக்கு. பழவேற்காடு சரணாலயத்துக்குள்ள இருக்கறவங்க அதை வெச்சுப் பேசலாம். எண்ணூர் ஆறு காடு இல்ல, ஆத்தோரம் பாதி துறைமுகம், பாதி கம்பெனி, பாதி உப்பளம். (மூணு பாதி ஆயிடுச்சு, ஆனா பட்டா அப்படித்தான் இருக்கு.) இருளரை இந்த நாட்டுல ரொம்ப நலிஞ்ச பழங்குடின்னு தனிப் பட்டியல்ல வெச்சிருக்காங்க, தமிழ்நாட்டுல அப்படி ஆறு பேரு. பட்டியல்ல இருக்கோம், ஆத்துல இல்ல.

என் எஸ்டி சர்டிபிகேட்டுக்கு எங்க அம்மா மூணு வருஷம் நடந்தாங்க. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) குடுக்கணும், அதுக்கு விசாரணை. ஒரு நாள் ஒருத்தர் வந்து "பாம்பு புடிக்கத் தெரியுமா"ன்னு கேட்டார். எங்க அம்மாவுக்கு இறாதான் புடிக்கத் தெரியும். அப்ப நீ இருளரான்னு எப்படி நம்பறதுன்னாரு. இது ஜோக் இல்ல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
இதைப் படிச்சிட்டு ஆபீஸ்ல வேலை ஓடல.

போர்ட்லாண்ட் அண்ணே, ஒரு சந்தேகம். அந்த ஊர்ல பழங்குடி மக்கள் எப்படி அரசாங்கத்தோட சரிசமமா ஒக்காந்து பேசறாங்க? எண்ணிக்கைல அவங்களும் கொஞ்சம்தானே?

பட்டாளம்_டு_போர்ட்லாண்ட்
பேப்பர். அவ்ளோதான். கிளாமத் மக்கள் 1864ல போட்ட ஒப்பந்தத்துல மீன் புடிக்கற உரிமை எழுதி இருக்கு. ஒதுக்குன நிலத்தோட தண்ணியும் சேத்துதான்னு 1908லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மீன் புடிக்க உரிமைன்னா மீன் உயிரோட இருக்கற அளவு தண்ணிக்கும் உரிமை, அதுவும் வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி காலத்துல இருந்தேன்னு 1983ல ஒரு தீர்ப்பு. நம்ம கிருஷ்ணா ஒப்பந்தம் போட்ட அதே வருஷம். அந்தப் பேப்பர்லாம் அவங்க நிலத்தைப் புடுங்கும்போது போட்டது, அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நூறு வருஷம் கழிச்சு பேரன் பேத்தி அதை எடுத்துட்டு கோர்ட்டுக்குப் போக முடிஞ்சுது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
அப்ப என் மச்சான் கேட்ட கேள்வியே தப்பு. "ஒரு கோடி பேரா, நூறு இருநூறு பேரா"ன்னு கேட்டான்ல, அந்த நூறு இருநூறுன்னு அவனுக்கு யாரு சொன்னா? எனக்கும் தெரியாது. எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும் கையால இறா தடவறவங்க எத்தனை பேருன்னு எங்கயும் பாத்ததில்ல. எண்ணாம விட்டுட்டு, கம்மின்னு முடிவு பண்ணிடறோம். பிளாண்ட்டுக்கு 23.7 கோடி லிட்டர்னு புள்ளி வெச்சு கணக்கு இருக்கு, பூநாரைக்கு வருஷா வருஷம் கணக்கெடுப்பு இருக்கு, அந்த அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல.

நான் தண்ணி பிளாண்ட்டை மூடச் சொல்லல, என் குழந்தை அதைத்தான் குடிக்குது. ஆனா அடுத்து எந்தத் திட்டத்துக்கு கருத்துக்கேட்பு கூட்டம் வெச்சாலும், அந்த மேஜைல வெக்க நம்ம கைல ஒரு நோட்டாவது இருக்கணும்ல? யாரு, எங்க, எந்த மாசம், எவ்ளோ இறா.

தண்டையார்பேட்டை_தாத்தா
நோட்டு வெச்சு என்ன ஆகப்போகுது தம்பி, நான் எத்தனை மனு எழுதி இருக்கேன் தெரியுமா. சரி, எழுதுங்க. கையெழுத்து நல்லா இருக்கும் எனக்கு, வேணும்னா நான் வந்து எழுதித் தர்றேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கொடுங்கையூர்ல சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி கம்பெனிங்களுக்கு அனுப்பறாங்க, 2019ல ஆரம்பிச்சது, தினம் 4.5 கோடி லிட்டர். முதல்ல நானே மூக்கைப் பொத்திட்டு சிரிச்சேன். இப்ப யோசிச்சா, மணலி கம்பெனிக்கு ஏரித் தண்ணி போறது நின்னாலே அவ்ளோ தண்ணி நமக்கு மிச்சம். எந்த ஆத்துலயும் கை வெக்க வேணாம், எவன் ஊரும் முங்க வேணாம். அதை இன்னும் நாலு எடத்துல வெக்கலாமே, யாரும் மாலை போட மாட்டாங்கன்னு வெக்க மாட்டேங்கறாங்க போல.

ஆர்ஓ_மெம்ப்ரேன்
தாத்தா, கரண்டும் கம்மி அதுக்கு. கடல் தண்ணில இருக்கற உப்பு சாக்கடைல இல்ல. எங்க தொழில்காரனே சொல்றேன், முதல்ல அதை முழுசா பண்ணிட்டு அப்புறம் கடலுக்குப் போகணும்.

மீஞ்சூர்_பொண்ணு
தடுப்பணை கட்டி வெள்ளத் தண்ணிய எங்க மண்ணுல இறக்குனாலும் உப்பு கொஞ்சம் பின்னாடி தள்ளும். மழைக்காலத்துல கொசஸ்தலைல கடலுக்கு ஓடறதைப் பாத்தா வயிறு எரியும்.

நண்டு_வளை
மழைத் தண்ணிய மொத்தமா நிறுத்திடாதீங்க அக்கா. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்தாதான் இறா. கொஞ்சம் ஆத்துக்கும் விடுங்க.

மீஞ்சூர்_பொண்ணு
இத பார்றா, இது எனக்குத் தோணவே இல்ல. சரிடா தம்பி, பாதிப் பாதி.

பழவேற்காடு_பையன்
நண்டு, நீ சொன்ன பாடு விஷயத்துல கோவம் இல்ல. வெரட்டுனது எங்க ஊர் ஆளுங்களா இருந்தா தப்புதான். ஊர்க் கூட்டத்துல பேசிப் பாக்கறேன், வாக்குக் குடுக்க முடியாது, பெரியவங்க ஒத்துக்கணும். நோட்டு எழுதும்போது எங்க பக்கமும் வாங்க, எங்க முகத்துவாரம் என்னிக்கு மூடுச்சு என்னிக்குத் தோண்டுனோம்னு அப்பா டைரில வெச்சிருக்கார்.

நண்டு_வளை
டைரிய பத்திரமா வெச்சுக்கங்க அண்ணே. தண்ணில போட்டுடாதீங்க.

எங்க அம்மாகிட்ட எக்ஸ்பிரஸ் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "எழுதிட்டுப் போவட்டும், வரும்போது ரெண்டு குடம் தண்ணி கொண்டாரச் சொல்லு"ன்னுச்சு. எங்க தெருவுக்குக் குழாய் இன்னும் வரல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
கேன் நாலு எடுத்துட்டு வரேன் தம்பி. அப்ப இந்த ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்கு தாழங்குப்பம் பஸ் ஸ்டாண்டாண்ட எல்லாரும் வந்துடுங்க, தாத்தா நோட்டு உங்க பொறுப்பு. மச்சானையும் வரச் சொல்லி இருக்கேன்.

ராயபுரம்_ராக்கெட்
நா டீக்கு காசு குட்த்துடுவேன். எய்த வராது.

நண்டு_வளை
காலைல வராதீங்க அண்ணே. சனிக்கிழமை அமாவாசை, ஞாயித்துக்கிழமை காலைல ஏத்தம், ஆத்துல ஆள் உயரம் தண்ணி நிக்கும், ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. மூணு மணிக்கு மேல வாங்க.